ஃபிராங்க் லாக்ஹார்ட்: மூன்று லிட்டர் இன்ஜினும் ஒரு பின் டயரும்

கேள்வி இது: அமெரிக்கக் கார் பந்தயத்தின் ஆரம்ப காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஃபிராங்க் லாக்ஹார்ட் என்ற பெயர் வருகிறது. பெரிய பந்தயங்களில் அவர் இருந்ததே இரண்டு வருடம்தான், 25 வயதில் போய்விட்டார். பிறகு ஏன் இவ்வளவு பேச்சு? வேகப் பைத்தியத்தில் உயிரை விட்ட இன்னொரு இளைஞன்தானே?

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. அந்தக் காலத்தில் வேகப் பைத்தியத்தில் செத்தவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. லாக்ஹார்ட் அந்த ரகம் இல்லை. ஓட்டுவதை விட யோசிப்பதில் அதிக நேரம் செலவிட்ட மனிதர் அவர். காரில் இருந்த ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகக் கணக்குப் போட்டார். அவர் கையில் இல்லாத ஒரு பொருள் அவரைக் கொன்றது. அதைத்தான் விளக்கப் போகிறேன்.

லாக்ஹார்ட் 1903இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே தாயோடும் தம்பியோடும் கலிபோர்னியாவுக்கு, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வந்துவிட்டார். தாய் தையல் வேலை செய்து குடும்பத்தை நடத்தினார். பையனுக்கு எழுத்து வரவே இல்லை. பெரியவனான பிறகும் ஒரு கடிதம் எழுதுவதென்றால் பாடுதான். ஆனால் ஒரு இயந்திரத்தைப் பார்த்தால் அது ஏன் அப்படி ஓடுகிறது, எங்கே சக்தி வீணாகிறது என்று உடனே புரிந்துகொள்வார். அவருக்கு ஓட்டவும் தெரியும், இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்றும் தெரியும். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து அமைவது அபூர்வம், அன்றும் சரி, இன்றும் சரி.

ஃபோர்டு மாடல் டி வண்டியைப் பிரித்து மேய்ந்து, அதையே பந்தயக் காராக்கி, லாஸ் ஏஞ்சலஸில் அஸ்காட் மண் தடத்தில் ஓட்டத் தொடங்கினார். மண் தடத்தில் ஓட்டுவது தனிக் கலை. வளைவில் வண்டியின் பின்பக்கத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் போக வேண்டும். பின்னாளில் இண்டியானாபோலிஸின் செங்கல் தடத்திலும் இதே பாணியில் வளைவு திருப்பினார். அங்கே பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எல்லாம் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

1926 மே மாதம் அவர் இண்டியானாபோலிஸின் 500 மைல் பந்தயத்துக்குப் போனது யாராவது களைத்தால் மாற்றி ஓட்டும் ஆளாக. பீட்டர் கிரைஸ் என்ற வீரருக்குக் காய்ச்சல் வந்தது, அவருடைய மில்லர் கார் லாக்ஹார்ட்டின் கைக்கு வந்தது. தகுதிச் சுற்றில் முதல் முயற்சியிலேயே ஒரு சுற்றை மணிக்கு 115 மைலுக்கு மேல் ஓட்டினார், அது அன்று தடத்தின் சாதனை. அடுத்த சுற்றில் டயர் போய்விட்டது. (டயர் என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) கடைசியில் ஏதோ மெதுவாக ஓட்டித் தகுதி பெற்று, 20ஆவது இடத்திலிருந்து கிளம்பினார். பந்தய நாளில் மழை. ஒரு முறை நிறுத்தி, மறுபடி தொடங்கி, திரும்பவும் மழை வந்து 400 மைலிலேயே முடித்துவிட்டார்கள். அப்போது லாக்ஹார்ட் முதலிடத்தில், இரண்டாமவரான ஹாரி ஹார்ட்ஸை விட இரண்டு சுற்று முன்னால் இருந்தார். சராசரி வேகம் மணிக்கு 95.9 மைல், அதாவது சுமார் 154 கிலோமீட்டர். முதல் முறையாக அங்கே வந்த 23 வயதுப் பையன் அமெரிக்காவின் மிகப் பெரிய பந்தயத்தை வென்றுவிட்டான்.

மழையால் கிடைத்த அதிர்ஷ்டம் என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். அடுத்த வருடமே பதில் கிடைத்தது. 1927இல் தகுதிச் சுற்றில் மணிக்கு 120.1 மைல். அங்கே 120ஐத் தாண்டிய முதல் ஆள் அவர்தான். பந்தயம் தொடங்கியதிலிருந்து 81 சுற்றுகள் யாரையும் முன்னால் விடவில்லை. ஓடிய 120 சுற்றில் 110இல் அவரே முன்னணி. பிறகு இன்ஜினுக்குள் பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் உடைந்தது, கதை முடிந்தது. தொடக்கத்திலிருந்து தொடர்ச்சியாக 81 சுற்று முன்னணியில் இருந்த அந்தக் கணக்கை மிஞ்ச 1990 வரை, எமர்சன் ஃபிட்டிபால்டி வரும் வரை ஆனது. 1926, 1927 இரண்டு வருடமும் தேசிய சாம்பியன் பட்டத்தில் இரண்டாமிடம்.

இப்போது அந்தக் காரைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. ஹாரி மில்லர் என்பவர் லாஸ் ஏஞ்சலஸில் பட்டறை வைத்துக் கட்டிய கார்கள்தான் அன்றைய அமெரிக்கப் பந்தயத்தை ஆண்டன. 1926 முதல் இன்ஜின் அளவு 91 கன அங்குலம், அதாவது ஒன்றரை லிட்டர் என்று விதி. இன்று ஒரு சாதாரண குடும்பக் காரில் இருக்கும் அளவு. அந்த ஒன்றரை லிட்டரில் எட்டு சிலிண்டர், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் இரண்டு, ஒரு சூப்பர்சார்ஜர் வைத்து, ஏறக்குறைய 150 குதிரைத் திறன் எடுத்தார் மில்லர். கைக்கடிகாரம் செய்பவன் கவனத்தோடு செய்த இன்ஜின். அதை வாங்கிய பலரும் அப்படியே ஓட்டினார்கள். லாக்ஹார்ட் பிரித்துப் பார்த்தார்.

சூப்பர்சார்ஜர் என்பது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும் விசிறி. அழுத்தினால் காற்று சூடாகும், சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும். சூப்பர்சார்ஜர் வேகத்தில் அந்தச் சூடு எளிதில் நூறு டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். சூடான காற்று விரியும், ஒரே சிலிண்டருக்குள் அதன் நிறை குறைவாகவே போகும். ஆக, ஒரு கையால் திணித்ததை மறு கையால் தட்டிவிடுகிறோம். போதாததற்கு அந்தச் சூட்டில் எரிபொருள் நேரம் தப்பி வெடித்து பிஸ்டனை ஓட்டை போடும். லாக்ஹார்ட், ஜான் வைசல், ஜீனஸ் வைசல் என்ற பொறியியல் படித்த சகோதரர்களோடு சேர்ந்து, சூப்பர்சார்ஜருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் துடுப்புத் தகடுகள் வைத்த ஒரு குழாய்ப் பெட்டியைப் பொருத்தினார். கார் ஓடும்போது வெளிக்காற்று அந்தத் தகடுகள் மேல் பட்டு உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும். இதுதான் இன்டர்கூலர். இன்று டர்போ என்று எழுதிய ஏறக்குறைய எந்த வண்டியின் பானெட்டைத் திறந்தாலும் இது இருக்கும். போட்டிக் காரில் இதை வேலை செய்ய வைத்தவர் என்று சொல்வது லாக்ஹார்ட்டைத்தான். மற்ற சில்லறைத் திருத்தங்களும் சேர்ந்து, அதே ஒன்றரை லிட்டரில் மில்லர் கொடுத்த திறனை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிவிட்டார். இதையெல்லாம் செய்தவருக்கு ஒழுங்காக நான்கு வரி எழுதத் தெரியாது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதன் பலனை முதலில் கண்டவை பலகைத் தடங்கள். அன்று அமெரிக்கா முழுக்க மரத்தால் கட்டிய பந்தயத் தடங்கள் இருந்தன. இரண்டுக்கு நான்கு அங்குல மரச் சட்டங்களைச் செங்குத்தாக அடுக்கி ஆணியடித்து, வளைவுகளை 45 டிகிரி அளவுக்குச் சரித்துக் கட்டியிருப்பார்கள். புதிதாக இருக்கும்போது வழவழப்பு, ஒரு வருடத்தில் சிம்பு பறக்கும், பலகை உடையும். பந்தயம் மேலே நடக்கும்போதே தச்சர்கள் கீழே நின்று பழுது பார்த்த கதைகள் உண்டு. 1927 மே மாதம் அட்லாண்டிக் சிட்டி பலகைத் தடத்தில் லாக்ஹார்ட் ஒரு சுற்றை மணிக்கு 147 மைலுக்கு மேல் ஓட்டினார். ஒன்றரை லிட்டர் காரில், சீட் பெல்ட் இல்லாமல், தலையில் ஒரு துணித் தொப்பியோடு.

அதற்குச் சற்று முன், ஏப்ரலில், கலிபோர்னியாவின் முரோக் என்ற வறண்ட ஏரிப் படுகையில் அதே மாதிரி ஒரு மில்லரை நேர்கோட்டில் ஓட்டிப் பார்த்தார். இரண்டு திசையின் சராசரி மணிக்கு 164 மைல், ஒரு திசையில் 171. இதுதான் அவர் வாழ்க்கையைத் திருப்பிய நாள் என்பேன். அதற்குச் சில நாட்கள் முன்புதான், 1927 மார்ச் 29 அன்று, பிரிட்டனின் ஹென்றி செக்ரேவ் ஃபுளோரிடாவின் டேடோனா கடற்கரையில் மணிக்கு 203.79 மைல் ஓட்டி, தரையில் 200ஐத் தாண்டிய முதல் மனிதராகியிருந்தார். அவருடைய சன்பீம் காரில் இரண்டு விமான இன்ஜின்கள், மொத்தம் 45 லிட்டர். லாக்ஹார்ட்டிடம் இருந்தது ஒன்றரை லிட்டர்.

கணக்கு எளிது. காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் வேகத்தை அதனாலேயே மூன்று தடவை பெருக்கிய கணக்கில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். அதாவது திறனை இரண்டு மடங்காக்கினால் வேகம் இரண்டு மடங்காகாது, 1.26 மடங்குதான் ஆகும். 164ஐ 1.26ஆல் பெருக்கிப் பாருங்கள், 206 மைலுக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. இரண்டு மில்லர் இன்ஜின்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாலே உலக சாதனை கைக்கெட்டும் தூரம். காரின் உடலை மெலிதாக்கிக் காற்றுத் தடையையும் குறைத்தால் இன்னும் மேலே போகலாம்.

அதைத்தான் செய்தார். ஸ்டட்ஸ் கார் நிறுவனத்தின் தலைவர் ஃபிரெட் மாஸ்கோவிக்ஸ் ஆதரவு தந்தார். இண்டியானாபோலிஸில் அந்தத் தொழிற்சாலையில் கார் உருவானது, பெயர் ஸ்டட்ஸ் பிளாக் ஹாக். பந்தயத்தில் சம்பாதித்த தன் பணத்தையும் லாக்ஹார்ட் அதில் கொட்டினார். 16 சிலிண்டர், இரண்டு சூப்பர்சார்ஜர், மொத்தம் மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவு. முன்பக்கத்தில் ரேடியேட்டரே கிடையாது, ஏனென்றால் ரேடியேட்டர் காற்றைத் தடுக்கும். ஒரு மைல் ஓட்டம் சில விநாடிதானே, தொட்டியில் பனிக்கட்டி போட்டுக் குளிர்வித்தால் போதும் என்று முடிவு செய்தார். இன்டர்கூலர் தனியாகத் துருத்தி நிற்காமல் பானெட்டின் மேல் பரப்பாகவே அமைந்தது. நான்கு சக்கரங்களுக்கும் காற்றைப் பிளக்கும் உறை. சிறு மாதிரி செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்த பிறகே உடல் வடிவத்தை முடிவு செய்தார்கள். ஓட்டுபவர் உட்கார்ந்தால் பக்கத்தில் கை நுழைய இடமில்லாத குறுகல்.

எதிரே நின்றவர்களைப் பாருங்கள். மால்கம் கேம்பெல்லின் புளூபேர்ட், சுமார் 24 லிட்டர் நேப்பியர் விமான இன்ஜின். அமெரிக்கத் தரப்பிலேயே இன்னொன்று, ஃபிலடெல்ஃபியாவின் ஒரு பணக்காரர் செலவில் கட்டிய வைட் டிரிப்ளெக்ஸ். மூன்று லிபர்ட்டி விமான இன்ஜின்களை ஒரு சட்டத்தில் ஏற்றிய நாலு டன் இரும்பு, மொத்தம் 81 லிட்டர். கிளட்ச் கிடையாது, கியர்பாக்ஸ் கிடையாது. விதிப்படி ரிவர்ஸ் இருக்க வேண்டும் என்று அதிகாரிகள் பிடித்துக்கொண்டதும், பின்னால் இன்னொரு முழு அச்சையே தொங்கவிட்டு, வேண்டும்போது தரையில் இறக்கிப் பின்னோக்கி நகர்த்திக் காட்டினார்கள். சட்டத்துக்கு உட்பட்டு ஏமாற்றுவது எந்த நாட்டுக்கும் பொதுச் சொத்து போலிருக்கிறது. மூன்று லிட்டருக்கு எதிரே 81 லிட்டர். அழகான போட்டி என்றால் இதுதான், என்னைக் கேட்டால்.

டேடோனா கடற்கரை அன்றைய வேக சாதனைகளின் மையம். அலை வற்றும்போது ஈர மணல் இறுகித் தார்ச்சாலை போல ஆகிவிடும். ஆனால் தார்ச்சாலை அல்ல. அலை ஒவ்வொரு முறையும் புது மேடும் பள்ளமும் போட்டுவிட்டுப் போகும், கிளிஞ்சல்கள் கிடக்கும், கடல் மூடுபனி வரும். 1928 பிப்ரவரி 19 அன்று கேம்பெல் மணிக்கு 206.956 மைலோடு புது சாதனை வைத்தார். பிப்ரவரி 22, லாக்ஹார்ட்டின் முறை. தூறல், பார்வை மங்கல். பெரும் வேகத்தில் போய்க்கொண்டிருந்த கார் மேட்டில் ஏறி நிலை தவறியது, உருண்டு கடலுக்குள் போய் விழுந்தது. அந்தக் குறுகிய உடலுக்குள் மனிதர் மாட்டிக்கொண்டார், அலை மேலே அடிக்கிறது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தண்ணீருக்குள் ஓடி, கயிறு கட்டி, காரை இழுத்து அவரைக் காப்பாற்றினார்கள். பெரிய காயமில்லாமல் தப்பினார் என்பது இன்று படித்தாலும் நம்ப முடியாத விஷயம்.

வேகப் பைத்தியம் என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத்தான் காட்டுவார்கள்: ஒரு தடவை சாவைப் பார்த்தவன் இரண்டே மாதத்தில் ஏன் திரும்பி வந்தான்? என் கணிப்பு, பணமும் நேரமும். கார் இண்டியானாபோலிஸுக்குப் போய்ப் பழுது பார்க்கப்பட்டது. முதலீடு செய்தவர்களுக்கு இதுவரை கண்ணில் காட்ட எதுவும் இல்லை, அவருடைய சேமிப்பும் அதற்குள் இருந்தது. சாதனை வைத்தால்தான் எல்லாம் திரும்பி வரும். நடுவே ஏப்ரல் 22 அன்று ரே கீச் என்பவர் அந்த 81 லிட்டர் அரக்கனை ஓட்டி 207.552 மைல் என்று சாதனையை ஏற்றிவிட்டார், கேம்பெல்லை விட அரை மைல்தான் அதிகம். மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 25 காலை, லாக்ஹார்ட் மறுபடி மணலில் இறங்கினார்.

அன்று முதலில் சில ஓட்டங்கள் நன்றாகவே போயின, 200 மைலைத் தாண்டியும் ஓடினார். சாதனைக்கு இரண்டு திசையிலும் ஓடிச் சராசரி எடுக்க வேண்டும். திரும்பி வரும் ஓட்டத்தில், முழு வேகத்தில், வலது பின் டயர் வெடித்தது. கார் மணலில் புரண்டு புரண்டு போனது, லாக்ஹார்ட் வெளியே தூக்கி எறியப்பட்டார். அங்கேயே உயிர் போய்விட்டது.

டயர் ஏன் வெடித்தது என்பதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், அது முன்பே வெட்டுப்பட்டிருந்தது என்பது. முந்தைய ஓட்டத்தின் முடிவில் பிரேக் பிடித்தபோது சக்கரம் சுழலாமல் இறுகி, மணலிலும் கிளிஞ்சலிலும் உராய்ந்து ரப்பர் கிழிந்திருக்கலாம். அடுத்த ஓட்டத்துக்கு முன் அது கண்ணில் படவில்லை. சக்கரங்கள் உறைக்குள் இருந்ததையும் சேர்த்து யோசியுங்கள்.

ஒரு சின்ன வெட்டு இவ்வளவு செய்யுமா என்றால், மணிக்கு 200 மைலில் செய்யும். 30 அங்குல விட்டமுள்ள டயர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 2,200 தடவைக்கு மேல் சுற்றுகிறது. விளிம்பில் இருக்கும் ரப்பரை வெளிப்பக்கம் இழுக்கும் விசை அதன் எடையைப் போல இரண்டாயிரம் மடங்குக்கு மேல். நூறு கிராம் ரப்பர் இருநூறு கிலோவாகி, பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது. அன்றைய டயருக்குள் அதைப் பிடித்து வைத்திருந்தது பருத்தி நூல். நைலான் இல்லை, எஃகுக் கம்பி இல்லை. நூல் இழைகளில் சில அறுந்தால் மிச்ச இழைகள் மேல் பாரம் கூடும், அவையும் அறும், பிறகு எல்லாம் ஒரு நொடியில்.

இங்கேதான் லாக்ஹார்ட்டின் சோகம் என்று நான் நினைப்பது. இன்ஜின், காற்று, குளிர்ச்சி, வடிவம் எல்லாவற்றையும் தன் காலத்தை விட முன்னால் கொண்டுபோனார். டயரை மட்டும் அவரால் பட்டறையில் செய்துகொள்ள முடியாது. அது கடையில் கிடைப்பதுதான், அதை மாற்ற வேதியியல் வளர வேண்டும். அவருடைய எதிரிகளுக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் அவர்களுக்குப் பின்னால் பெரிய நிறுவனங்களும் கூடுதல் நேரமும் இருந்தன. அவசரப்பட்டார் என்று குற்றம் சொன்னால் ஏற்றுக்கொள்வேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது டயர் மாட்டியிருக்கலாம், பிரேக்கை மெதுவாகப் பிடித்திருக்கலாம், ஒரு மாதம் தள்ளிப் போட்டிருக்கலாம். பைத்தியம் என்று சொன்னால் ஏற்க மாட்டேன்.

ஒரு விஷயம் கூடவே சொல்ல வேண்டும். அவரை மட்டும் தனியாகப் பார்த்தால் இந்தச் சாவு விசேஷமாகத் தெரியும். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. 1920இல் இண்டியானாபோலிஸை வென்ற காஸ்டன் ஷெவர்லே அதே வருடம் பெவர்லி ஹில்ஸ் பலகைத் தடத்தில் இறந்தார். 1924 செப்டம்பர் ஒரே மாதத்தில் ஜோ போயர், டாரியோ ரெஸ்டா, ஜிம்மி மர்ஃபி என்று இண்டியானாபோலிஸை வென்ற மூன்று பேர் வெவ்வேறு இடங்களில் போனார்கள். தலைக்கவசம் இல்லை, பெல்ட் இல்லை, புரண்டால் காக்கும் சட்டம் இல்லை. தடத்தின் ஓரத்தில் கூட்டம் வேலிகூட இல்லாமல் நிற்கும். இதெல்லாம் தெரிந்தே காலையில் எழுந்து போனவர்கள் அவர்கள்.

பிறகு என்ன ஆனது? 81 லிட்டர் வைட் டிரிப்ளெக்ஸை மறுபடி ஓட்ட ரே கீச் மறுத்துவிட்டார், புத்திசாலித்தனம். அவருக்குப் பதிலாக உட்கார்ந்த லீ பைபிள் 1929 மார்ச் 13 அன்று அதே கடற்கரையில் இறந்தார், படம் பிடித்துக்கொண்டிருந்த ஒளிப்பதிவாளர் ஒருவரும் கூட. சாதனைக்காக விமான இன்ஜின்களை அடுக்கிக்கொண்டே போகும் பாதை அதன் பிறகும் பல வருடம் தொடர்ந்தது. மூன்று லிட்டரில் 200 மைலைத் தொட்டவரின் பாதைக்கு உடனே வாரிசு கிடைக்கவில்லை.

ஆனால் அவருடைய கார்கள் ஓடிக்கொண்டே இருந்தன. லாக்ஹார்ட்டின் மில்லர்களில் ஒன்றை மாட் யேகல் என்ற பெண்மணி வாங்கினார். 1929 மே 30 அன்று அந்தக் காரில் இண்டியானாபோலிஸை வென்றவர் யார் தெரியுமா, லாக்ஹார்ட்டின் சாதனைக் கனவைத் தட்டிப் பறித்த அதே ரே கீச். இரண்டு வாரம் கழித்து, ஜூன் 15 அன்று, அல்டூனா பலகைத் தடத்தில் கீச்சும் இறந்தார். பிளாக் ஹாக்கின் 16 சிலிண்டர் இன்ஜினை ஆல்டன் சாம்ப்சன் என்பவர் வாங்கி ஒரு புதுச் சட்டத்தில் பொருத்தினார். 1930இல் லூயி மேயர் அதை இண்டியானாபோலிஸில் ஓட்டி நான்காம் இடம் பிடித்தார். 1946இலும் அதே 16 சிலிண்டர் இன்ஜின் அங்கே தடத்தில் இறங்கியது, லாக்ஹார்ட் இறந்து 18 வருடம் கழித்து.